ஐஞ்சு மாடிக் கட்டடத்துக்கு "ஃபசிலிட்டி மனேஜர்" எண்டா உண்மையில என்ன வேலை?

கொக்குவில் கரண்ட்காரன்:

வணக்கம் எல்லாருக்கும், கொஞ்சம் நீளமா எழுதப்போறன் குறை நினைக்காதேங்கோ.

நான் யாழ்ப்பாணம் டவுனுக்குள்ள ஒரு ஐஞ்சு மாடிக் கட்டடத்தில ஒன்பது வருசமா நிக்கிறன். வயரிங் வேலைக்கெண்டு வந்தனான், பேந்து மோட்டர், ஜெனரேட்டர், லிஃப்ட்காரனுக்கு கோல் எடுக்கிறது, கக்கூஸ் அடைச்சா ஆள் பிடிக்கிறது எண்டு எல்லாம் என்ர தலையில வந்திட்டுது. 2022 இல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம் கானையும் தூக்கிக்கொண்டு டீசல் வரிசையில நிண்டதும் நான்தான். கீழ கடையள், ரெண்டாம் மாடி ஒரு நிதிக் கொம்பனி, மூண்டில ரியூசன், மேல மண்டபம். ஓனர் கனடாவில. போன மாசம் வந்து நிண்டிட்டுப் போகேக்க "இனி நீர்தான் ஃபசிலிட்டி மனேஜர்" எண்டு ஒரு கடிதம் தந்தார். சந்தோசம்தான், ஆனா சம்பளம் ஒரு சதம் கூடேல்ல, கூடினது வட்ஸ்அப்பில வாற கேள்விதான். ரியூசன் லீவு விட்ட மாசமும் ஏன் கரண்ட் பில் குறையேல்ல, சோலரில எவ்வளவு வந்தது, நெருப்புப் பிடிச்சா என்ன பிளான், எல்லாம் றிப்போர்ட்டா வேணுமாம். அவருக்கு அங்க பகல், எனக்கு இஞ்ச நடுச்சாமம்.

நான் கேக்கிறது இதுதான், இது எஞ்சினியர் வேலையோ, மனேஜர் வேலையோ, இல்லாட்டி வோச்சருக்கு வைச்ச புதுப் பேரோ? மொறட்டுவையில இதுக்கெண்டே டிகிரி இருக்கெண்டு ஒரு பெடியன் சொன்னான், எனக்கு வயசு 41, இனி அதெல்லாம் ஏலுமோ தெரியேல்ல.

வெள்ளவத்தை வாசி:

வாழ்த்துக்கள் அண்ணை. நான் கொழும்பில ஒரு ஒஃபிஸ் டவர்ல அசிஸ்டன்டா இருக்கிறன், நீங்கள் சொன்ன அந்த டிகிரிதான் செய்தனான், அதால சொல்லுறன் டிகிரி இல்லையெண்டு யோசிக்காதேங்கோ. முதல் வருசம் எனக்கு பம்ப் ரூமில எல்லாம் காட்டித் தந்தது ஒரு பழைய ஃபோர்மன். நான் மீட்டரை எடுத்துக்கொண்டு வரமுதல் அவர் சத்தத்தைக் கேட்டே பெயரிங் போகப்போகுது எண்டு சொல்லிப்போடுவார்.

முந்தி உடைஞ்சதைத் திருத்தினாச் சரி. இப்ப ஐஎஸ்ஓ 41001 எண்டு 2018 இல இந்த வேலைக்கெண்டே ஒரு சர்வதேசத் தர நியமம் வந்திருக்கு, மெசினை விட ஆக்களைப் பற்றித்தான் அதில கனக்கக் கிடக்கு, கட்டடத்துக்குள்ள வாறவை என்ன அலுவலுக்கு வந்தவையோ அது தடைப்படாம நடக்கோணும், அதுக்கு இடத்தையும் ஆக்களையும் வேலை செய்யிற முறையையும் சேத்துப் பாக்கிறவர்தான் நீங்கள். கேக்க நல்லாத்தான் இருக்கும். நீங்கள் பில்லில இருந்து தொடங்குங்கோ.

உங்கட கட்டடம் 42 கேவிஏக்கு (ஒரே நேரத்தில இழுக்கிற கரண்டின்ர அளவு) மேல எண்டா ஜிபி-2 எண்ட பில் வகையில இருக்கும். அதில யூனிட்டுக்குக் காசு ஒரு பக்கம், அந்த மாசத்தில ஒருக்கா தொட்ட உச்ச கேவிஏக்கு வேற காசு. ஒரு நாள் எல்லா ஏசியும் லிஃப்டும் மோட்டரும் சேந்து ஓடியிருந்தாக் காணும், மிச்ச நாள் முழுக்க லைட்டை நூத்துப்போட்டு இருந்தாலும் அந்தக் காசு குறையாது. யூனிட் விலையும் பின்னேரம் 6.30 இல இருந்து இரவு 10.30 வரைக்கும்தான் ஆகக் கூட. லீவு விட்ட மாசம் மண்டபத்தில என்ன நடந்ததெண்டு புக்கிங் கொப்பியைப் பாருங்கோ. கபாசிட்டர் பாங்கையும் (மோட்டர், ஏசி வீணா இழுக்கிற கரண்டைக் குறைக்கிற பெட்டி) ஒருக்கா திறந்து பாருங்கோ, அது செத்திருந்தா யூனிட் கூடாமலே கேவிஏ ஏறும்.

இன்னொண்டு, மெசின் சோதிச்சதெண்டு எழுதி வைக்கிற கொப்பியை நம்பாதேங்கோ. 2025 மாசி 9 ஆந் திகதி பாணந்துறையில குரங்கு பாஞ்சு நாடு முழுக்க கரண்ட் போச்செல்லோ, அண்டைக்கு நான் நிண்ட கட்டடத்தில ரெண்டாவது ஜெனரேட்டர் அசையேல்ல, பற்றரி செத்துக் கிடந்தது. கொப்பியில பாத்தா கிழமைக்குக் கிழமை "ஓகே" எண்டு வடிவான கையெழுத்து.

டோகாவில இருந்து:

நான் பதினொரு வருசமா கட்டாரில இதே துறையில. இஞ்ச ஃபசிலிட்டி மனேஜர் ஸ்பானர் தொடுறேல்ல, அவர் தொடுறது கொன்ட்ராக்ட். ஏசிக்கு ஒரு கொம்பனி, லிஃப்டுக்கு ஒண்டு, கிளீனிங்குக்கு ஒண்டு, எத்தனை மணித்தியாலத்துக்குள்ள வரோணும், வராட்டி எவ்வளவு வெட்டுறது எண்டு எல்லாம் எழுத்தில. ஒவ்வொரு மெசினிலயும் கியூஆர் ஒட்டியிருக்கும், பெடியள் போனில ஸ்கான் பண்ணித்தான் வேலையை முடிச்சதெண்டு போடலாம். பிஎம்எஸ் எண்டு கட்டடத்து மெசினுகளை ஒரு இடத்தில இருந்து கண்காணிக்கிற கொம்பியூட்டர் சிஸ்டம், அதின்ர ஸ்கிறீனில கட்டடம் முழுக்க தெரியும். ஆனா ஒரு உண்மை சொல்லுறன், அதில ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில அலாரம் விழும், ஒருத்தரும் பாக்கிறேல்ல, ஒரு கட்டத்தில எல்லாத்தையும் சேத்து "அக்னோலெட்ஜ்" அமத்திப்போட்டு ரீ குடிக்கப் போயிடுவாங்கள். அதால உங்களுக்கு அந்த சிஸ்டம் இல்லையெண்டு கவலை வேண்டாம், ஐஞ்சு மாடிக்கு ஒரு எக்செல் ஷீட் காணும்.

முதல் லிஃப்ட்காரன்ர கொன்ட்ராக்டை எடுத்து வாசியுங்கோ. தீயணைப்புப் பம்ப் டீசல் எண்டா கிழமைக்கொருக்கா அரை மணித்தியாலம் ஓட்டோணும், சும்மா ஸ்டார்ட் பண்ணி நூக்கிறது கணக்கில்லை.

பழைய ஓவசியர்:

தம்பி, கேவிஏ, கியூஆர் எல்லாம் கதைக்கினம், தண்ணியை ஒருத்தரும் கதைக்கேல்ல. உது கொழும்புமில்லை டோகாவுமில்லை. எங்கட நிலம் முழுக்க சுண்ணாம்புக்கல்லு, வருசம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது, டவுனுக்குள்ள கழிவுக்குப் பொதுப் பைப்பும் கிடையாது, ஒவ்வொரு கட்டடத்துக்கும் தன்ர குழிதான். குழி நிரம்பி வழிஞ்சா அது கல்லு வெடிப்புக்குள்ளால வடிபடாமலே பக்கத்து வளவுக் கிணத்துக்குப் போகும். மேல மண்டபத்தில முன்னூறு பேர் சாப்பிட்டுக் கை கழுவிக் கக்கூசுக்குப் போனா அண்டைக்கு அந்தக் குழிக்கு எவ்வளவு இறங்குதெண்டு ஓனரிட்டக் கேட்டுப் பார், அவருக்குத் தெரியாது, உனக்குத் தெரிஞ்சிருக்கோணும். பவுசர் வந்து எடுத்த திகதி எழுதி வை. கிணத்துத் தண்ணியை வருசத்துக்கு ரெண்டு தரமாவது சோதிக்கக் குடு. தாளையடியில 2024 இல கடல்தண்ணியை நல்ல தண்ணியாக்கிற ஆலை திறந்தாச்சு, பைப் தண்ணி வந்தாலும் கிணத்தைக் கைவிட்டிடாத.

கீசருக்குள்ள கல்லுப் படியிறது தெரியும்தானே. அதுக்கு சொஃப்னர் (தண்ணியில இருக்கிற சுண்ணாம்பை எடுக்கிற மெசின்) பூட்டித் தாறமெண்டு வருவாங்கள், நல்லதுதான், ஆனா அதை உப்புத் தண்ணியாலதான் கழுவுறது, கழுவின தண்ணியை எங்க விடுறாங்கள் எண்டு முதல் கேள்.

மாரிக்கு முதல் நீயே ஏறிப் பீலியெல்லாம் பார், ஏசி தண்ணி வடியிற தட்டுகளையும் பார். நுளம்பு பெருக விடக்கூடாதெண்டு 2007 ஆம் ஆண்டு 11 ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, பிஎச்ஐ (சுகாதாரப் பரிசோதகர்) வந்தா கனடாவுக்குக் கோல் எடுக்கமாட்டார், உன்னைத்தான் கேப்பார்.

ரியூசன் டீச்சர்:

நான் வேற கட்டடத்தில வாடகைக்கு வகுப்பு நடத்துறன், வாடகைக்கு இருக்கிற ஆக்கள் பக்கமும் ஒருக்கா கேளுங்கோவன். எங்கட ஹோல்ல ஏசி நல்லா வேலை செய்யுது, ஒரு குறையும் இல்லை, ஆனா ரெண்டாவது மணித்தியாலம் பிள்ளையள் எல்லாம் கொட்டாவி. நான் என்ர படிப்பிப்பைத்தான் குறை நினைச்சனான். பேந்து சயன்ஸ் படிப்பிக்கிற சேர் ஒருத்தர் காபனீரொட்சைட் அளக்கிற சின்ன மெசின் ஒண்டு கொண்டுவந்து வைச்சார், வெளியில 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்தில எத்தனை பங்கு எண்ட கணக்கு) சொச்சம், உள்ள பாதி வகுப்பில 2000 தாண்டி நிக்குது. ஸ்பிளிட் ஏசி உள்ள இருக்கிற காத்தையேதான் திருப்பித் திருப்பிக் குளிராக்குதாம், புதுக் காத்து எடுக்கிறேல்ல. கட்டடத்துக்காரரிட்டச் சொன்னா "ஏசி ஓடுதுதானே டீச்சர், பேந்தென்ன" எண்டுறார். இப்ப இடைவேளைக்குக் கதவு யன்னல் எல்லாம் திறக்கிறம். உங்கட மூண்டாம் மாடியையும் ஒருக்கா எட்டிப் பாருங்கோ.

கொக்குவில் கரண்ட்காரன்:

எல்லாருக்கும் நன்றி, பதில் போடப் பிந்திட்டுது, பாத்துப்போட்டு எழுதுவம் எண்டு இருந்தனான்.

வெள்ளவத்தைத் தம்பி சொன்னது சரியா வந்திட்டுது. அந்த மாசம் மண்டபத்தில ஒரே ஒரு சாமத்திய வீடுதான், இரவு ஏழு மணிக்கு ஏசி முழுக்க, லைட்டிங்காரன்ர லைட், லிஃப்ட் ஏறி இறங்கின பாடு, அதுக்குள்ள தண்ணி முடிஞ்சு மோட்டரும் தானா ஸ்டார்ட். உச்சம் அண்டைக்குத்தான். கபாசிட்டர் பாங்கைத் திறந்தா ஆறில ரெண்டு வீங்கிக் கிடக்கு, ஒன்பது வருசமா அதுக்கு முன்னாலதான் சாப்பாட்டுப் பார்சலை வைச்சுச் சாப்பிட்டனான், வெக்கமாத்தான் கிடக்கு. மோட்டருக்கு டைமர் பூட்டிட்டன், இப்ப ஆறரைக்கு முதல் டாங்கி நிரம்பிடும்.

ஓவசியர் ஐயா, குழி கடைசியா எப்ப எடுத்ததெண்டு எனக்கே தெரியேல்ல, கடைக்கார அண்ணை ஒருத்தர் "கொரோனாக்கு முதல்" எண்டுறார். நாளைக்கு பவுசருக்குச் சொல்லியிருக்கு.

டீச்சர், மூண்டாம் மாடிக்கு ஏறிப் பாத்தனான். யன்னலையெல்லாம் நான்தான் போன வருசம் சிலிக்கன் அடிச்சு மூடினனான், ஏசிக் குளிர் வெளியில போகுதெண்டு. ரெண்டைத் திறந்து எக்ஸோஸ்ட் ஃபான் போட எவ்வளவு முடியுமெண்டு கணக்குப் பாக்கிறன்.

இண்டைக்கு இரவு அவர் கோல் எடுப்பார். பழைய பில்லையும் கபாசிட்டர் படத்தையும் முதல் அனுப்பிப்போட்டுத்தான் சம்பளத்தைக் கேக்கப்போறன். டோகா அண்ணை, அந்த எக்செல் ஷீட் ஒண்டு இருந்தா அனுப்பிவிடுங்கோ, இன்பொக்ஸில நம்பர் போடுறன்.