சித்தூர் வி. நாகையாவை இயக்குநராகவும் கொண்டாட வேண்டுமா?

கல்தூண்:
சித்தூர் வி. நாகையாவை (1904–1973) ‘நடிகர், இயக்குநர்’ என்று ஒரே மூச்சில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய உச்சங்கள் எல்லாம் பிறர் இயக்கத்தில் அமைந்தவை. ‘பக்த போதனா’ (1942), ‘யோகி வேமனா’ (1947) ஆகிய இரண்டு தெலுங்குப் படங்களையும் இயக்கியவர் கே. வி. ரெட்டி, ‘ஏழை படும் பாடு’ (1950) படத்தை இயக்கியவர் கே. ராம்நாத். துரத்தும் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு ‘ஜாவர்’ என்ற பாத்திரப் பெயரே வாழ்நாள் அடைமொழியானது நமக்குத் தெரியும். ஆனால், துரத்தப்படும் கந்தனாக நாகையா குரலை உயர்த்தாமல், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை ஏறக்குறைய விழுங்கிவிட்டுப் பேசியதால்தான் எதிரே நின்றவரின் விறைப்பு அத்தனை கூர்மையாகத் தெரிந்தது. அந்த அடக்கம்தான் நாகையா. இயக்கம் அவருக்கு ஒரு கிளைவழி.

யாழ்நரம்பு:
கந்தனைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1946இல் வெளிவந்த ‘தியாகய்யா’வை எங்கே வைப்பீர்கள்? ரேணுகா பிலிம்ஸ் என்ற சொந்த நிறுவனத்தின் பெயரில் தயாரித்து, இயக்கி, இசையமைத்து, தியாகராஜராக நடித்து, கீர்த்தனைகளையும் தாமே பாடினார். பாட்டைக் கதைக்கு நடுவே வைத்த இடைவேளையாகக் கருதிய காலத்தில், பாடுபவரின் மனம் நகர்வதையே கதையாக்கலாம் என்று நம்பி ஒரு படத்தை எடுத்தவரை ‘கிளைவழி’ என்ற சொல்லால் ஒதுக்குவது நியாயமில்லை, நண்பரே.

கல்தூண்:
நீங்கள் புகழ்வது பாடகரையும் இசையமைப்பாளரையும். இயக்குநரை அல்ல. ‘யோகி வேமனா’வில் அண்ணன் மகளான சிறுமியின் சாவு வேமனாவை உலுக்கும் கட்டத்தைப் பாருங்கள், துயரத்தை எவ்வளவு நேரம் நீட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதை வெளியிலிருந்து ஒருவர் அளந்திருக்கிறார். தாமே நடித்துத் தாமே இயக்குபவருக்கு அந்த வெளிக்கண் கிடைப்பது அரிது. ‘அசோக் குமார்’ (1941) படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதரின் புகழுக்கு நடுவே அசோகராக நின்று தம் இடத்தைக் காத்துக்கொண்டதும், ‘மீரா’வில் (1945) எம். எஸ். சுப்புலட்சுமிக்கு எதிரே ராணாவாக நின்றதும் இதையே காட்டுகின்றன: எதிரே ஒரு பெரிய ஆளுமையும் மேலே வேறொரு கண்ணும் இருந்தபோது அவர் இன்னும் சிறந்தார்.

ஏட்டுச்சுவடி:
இடையில் ஒன்று சொல்கிறேன். வெளிக்கண் இல்லை என்ற வாதத்திற்கு ‘பக்த ராமதாசு’வே (1964) மறுப்பு. நாகையா இயக்கி, ராமதாசராகவும் நடித்த அந்தத் தெலுங்குப் படத்தில் வடநாட்டு ஞானி கபீராக வருபவர் நடிகர் கும்மடி. அவருக்காகப் பாடியவர் இந்திப் பின்னணிப் பாடகர் முகமது ரஃபி. நல்ல குரல்வளம் கொண்ட ஒருவர், இந்தப் பாத்திரத்தின் குரல் தம்முடைய இசைமரபிலிருந்து விலகி வேறொரு மண்ணிலிருந்து ஒலிக்க வேண்டும் என்று முடிவெடுத்தது இயக்குநருக்குரிய தேர்வு அல்லவா?

கல்தூண்:
அந்தத் தேர்வு சிறந்தது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆயினும் ‘தியாகய்யா’வுக்குப் பின் ‘என் வீடு’ (1953), அதற்குப் பதினோராண்டுகள் கழித்து ‘பக்த ராமதாசு’ என்று நீண்ட இடைவெளிகளில் அமைந்த இயக்கத்தை, ஆண்டுதோறும் தந்தையாகவும் முனிவராகவும் அவர் உயிர்கொடுத்த பாத்திரங்களுக்குச் சமமான தட்டில் வைக்க மாட்டேன்.

யாழ்நரம்பு:
எண்ணிக்கையைத் தட்டில் வைத்தால் உங்கள் பக்கம் தாழும்தான். ‘தியாகய்யா’ ஒன்றை மட்டும் தனியே வைத்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.