அமெரிக்காவின் மத உரிமைப் பட்டியலால் யாருக்காவது பலன் கிடைத்திருக்கிறதா?

கரூர்_செந்தில்:
1998 சட்டப்படி, மத உரிமையை மோசமாக மீறும் நாடுகளை அமெரிக்க வெளியுறவுத் துறை பட்டியலில் போடுகிறது. சவூதி 2004இல் சேர்ந்தது. பட்டியலில் உள்ள நாட்டின் மீது எடுக்க வேண்டிய தடை நடவடிக்கையிலிருந்து 2006இலிருந்து அதற்கு விலக்கும் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் எதற்குப் பட்டியல்? உருப்படியாக ஏதாவது நடந்த நாடு ஒன்று சொல்லுங்கள்.

ஆம்பூர்க்காரன்:
வியட்நாம். ஹோ சி மின் நகரில் ஷூ கம்பெனி ஒன்றில் 2014 வரை நாலு வருடம் இருந்தேன், அதனால் சொல்கிறேன். அந்த நாடும் 2004இல்தான் பட்டியலில் ஏறியது. அப்போது உலக வர்த்தக அமைப்பில் சேர அவர்களுக்கு அவசரம். அதற்கு அமெரிக்காவின் சம்மதம் வேண்டும். பிடி அங்கேதான் இருந்தது. 2005 பிப்ரவரியில், சிறையிலிருந்த கத்தோலிக்கப் பாதிரியார் நுயென் வான் லீயை விட்டார்கள். யாரையும் மதத்தைக் கைவிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பிரதமரின் உத்தரவும் அதே மாதம் வந்தது.

எங்கள் தையல் பிரிவில் மத்திய மலைப்பகுதியைச் சேர்ந்த ஒரு பெண் இருந்தார். அவர் ஊரில் ஏழெட்டுக் குடும்பங்கள் ஒரே வீட்டில் கூடி ஜெபிப்பார்களாம். முன்பெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பாட்டை உதட்டுக்குள்ளேயே பாடுவார்களாம். அந்த உத்தரவுக்குப் பிறகுதான் ஜன்னலைத் திறந்தோம் என்றார். அதைச் சொல்லும்போது கையால் கதவைத் தள்ளுவது போலக் காட்டினார். எனக்கு அது போதும், பட்டியல் வீண் என்று சொல்ல மாட்டேன்.

மதுரை_வாசுகி:
ஆனால் லீயை மறுபடி பிடித்தார்களே?

ஆம்பூர்க்காரன்:
ஆமாம், அதுதான் என் ஆத்திரம். 2006 நவம்பரில் அமெரிக்க அதிபர் புஷ் ஹனோய் போவதற்குச் சில நாள் முன்பு பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2007 ஜனவரியில் வர்த்தக அமைப்பில் சேர்ந்தாயிற்று, பிப்ரவரியில் லீ கைது. மார்ச்சில் நீதிமன்றத்தில் அவர் குரல் எழுப்ப, காவலர் ஒருவர் கையால் அவர் வாயைப் பொத்துகிற படத்தைப் பார்த்திருப்பீர்கள். 8 ஆண்டு தண்டனை.

கரூர்_செந்தில்:
அப்போ எடுத்ததே தப்பா?

ஆம்பூர்க்காரன்:
அவசரப்பட்டது தப்பு. மலைக் கிராமத்துச் சபைகளுக்கு அரசுப் பதிவு கிடைத்ததா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு எடுத்திருக்கலாம். 2022இல் வியட்நாமை, அந்தப் பட்டியலுக்கு ஒரு படி கீழே உள்ள கண்காணிப்புப் பட்டியலில் போட வேண்டி வந்தது. அந்தப் பெண்ணின் ஊர்ச் சபை பதிவுக்கு மூன்று முறை மனு கொடுத்தது. நான் ஊர் திரும்பும் வரை பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி ஜன்னலைச் சாத்த ஆரம்பித்திருந்தார்கள்.