21 சதவீதம்னா எதுல 21?

கடைவாய்ப்பல்:
"எலெக்ட்ரிக் பிரஷ் 21 சதவீதம் கூடுதலா சுத்தம் பண்ணும், கையால தேய்க்கிறது வீண் வேலை"ன்னு நைலான் நேத்து அடிச்சு விட்டாரே, அதுக்குத்தான் இந்த விவாத இழை. அந்த 21 வர்றது, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுற காக்ரேன் அமைப்போட 2014 தொகுப்பாய்வுல. மூணு மாசத்துக்கு மேல எலெக்ட்ரிக்ல தேய்ச்சா, பிளாக், அதாவது பல்லுல படியற கிருமிப் படலம், கையால தேய்க்கிறதை விட 21 சதவீதம் குறையுது. ஈறு வீக்கம் 11 சதவீதம்தான் குறையுது. இந்த 11ஐ ஏன் முழுங்கினீங்க?

நைலான்:
21 இருக்கா, இல்லையா? இருக்கு. அவ்வளவுதான்.

கடைவாய்ப்பல்:
முதல் மூணு மாசத்துல அதே பிளாக் 11 சதவீதம்தான். இந்த வித்தியாசத்தால நடைமுறைப் பயன் எவ்வளவுன்னு தெளிவா இல்லைன்னு ஆய்வாளர்களே எழுதியிருக்காங்க. பிரஷ்ல வர்ற ப்ளூடூத், கரி நார், நாக்கு வழிக்கத் தலையோட முதுகுல ரப்பர், இது எதுக்கும் அந்த 21 பொருந்தாது. எல்லாத்துக்கும் ஒரே எண்ணை ஒட்டுறது விளம்பரக்காரன் வேலை.

ஈறுகாவலன்:
அழுத்தினா விளக்கு எரியிற சென்சாரையும் அந்தப் பட்டியல்ல சேர்க்காதீங்க. ஈறு இறங்கிப் பல் கூசுற பலர் அழுத்தித் தேய்க்கிறவங்கதான். மூணு மாசத்துக்கு முன்னாடியே நார் வெளிப்பக்கம் விரிஞ்சா அழுத்தம் அதிகம்னு அர்த்தம்.

கடைவாய்ப்பல்:
அதைச் சாதா பிரஷ்லயே பார்த்துக்கலாமே! சாஃப்ட் நார், ஈறும் பல்லும் சேர்ற கோட்டுல 45 டிகிரி சாய்வு. ரெண்டு மூணு பல்லா எடுத்து, இடத்தை விட்டு நகராம சின்னச் சின்ன அசைவு. முன்பல்லோட உள்பக்கத்துக்குப் பிரஷை நிமிர்த்திப் பிடிக்கணும். எல்லாரும் கோட்டை விடுறது கீழ்க்கடைவாய்ப் பல்லோட நாக்குப் பக்கம். நாக்கு பிரஷைத் தள்ளிடும். அங்கே தலை சின்னதா இருந்தாத்தான் நுழையும். எலெக்ட்ரிக் வாங்கினவங்க அதையும் பழைய பழக்கத்துல முன்னும் பின்னும் இழுக்கிறாங்க. ஒவ்வொரு பல்லுலயும் ரெண்டு மூணு வினாடி வெச்சு நகர்த்தணும். அதைச் செய்யலைன்னா உங்க 21 எங்கே போகும்?

நைலான்:
இவ்வளவு பாடம் நடத்தியும் 21 பொய்னு நிரூபிக்கல. கைநடுக்கம், மூட்டுவலி இருக்கிறவங்க உங்க 45 டிகிரியை எப்படிப் பிடிப்பாங்க? போன மாசம் கரி பேஸ்ட் இழைல பதில் சொல்லாம ஓடினவர்தானே நீங்க?

கடைவாய்ப்பல்:
ஓடல. பேஸ்ட்ல ஃபுளோரைடு இருக்கான்னு கேட்டேன், பதில் சொல்லாதது நீங்க. 21 பொய்னு நான் எங்கேயும் சொல்லல, எதுல 21னு கேட்டேன். இப்பவும் கேட்கிறேன்.

ஈறுகாவலன்:
ரெண்டு பேரும் பல் இடுக்கை மறந்துட்டீங்க. எந்த நாரும் அங்கே சரியா நுழையாது. ஃப்ளாஸ்ங்கிற பல் இடுக்கு நூல், இல்லைன்னா இடுக்கு பிரஷ் போடணும்.

நைலான்:
இடுக்கைப் பத்தி யார் பேசினது? தேய்ச்சதும் வாய் நிறையத் தண்ணி விட்டுக் கொப்பளிக்கச் சொன்னவர்தானே நீங்க? பல்லுல ஃபுளோரைடு எங்கே தங்கும்?

ஈறுகாவலன்:
ஒரு வாய் தண்ணின்னுதான் சொன்னேன்.

நைலான்:
ஒரு வாயும் அதிகம். துப்பினா போதும்.

கடைவாய்ப்பல்:
பேச்சை மாத்தாதீங்க. அப்புறம், ஈரப் பிரஷை மூடி போட்டு வைக்கச் சொன்னதும் நீங்கதான், நைலான். ஈரம் காயாம கிருமி பெருகும். மூடியைக் கழட்டி நிமிர்த்தி வைக்கணும்.

நைலான்:
என் மூடியில காத்து போக ஓட்டை இருக்கு.