மூணு எஜுகேஷன் லோனைச் சேர்த்தா வட்டி எவ்வளவு? அவசரம்

சேலத்துப்பையன் (2024 பிப்ரவரி 11, இரவு 11:40)
5.28, 6.54, 7.54% வட்டியில மூணு லோன் இருக்கு. சராசரி போட்டா 6.45 வருது. ஒன்னாச் சேர்க்குற விண்ணப்பத்துல 6.25-ன்னு காட்டுது. எது சரி? நாளைக்குள்ள அனுப்பணும், ப்ளீஸ்.

காவிரிக்கரை
எந்த பேங்க் தம்பி? நம்ம ஊர் லோன்னா மேனேஜரை நேர்ல பாருங்க, அதான் நல்லது.

டாலஸ்அக்கா
இந்த வட்டியெல்லாம் அமெரிக்க அரசு லோன் மாதிரி இருக்கே. கிரீன் கார்டா? ஒவ்வொன்னும் எத்தனை டாலர்? அதைச் சொல்லாம எப்படிப்பா கணக்குப் போடுறது?

கணக்குவாத்தி
தொகையைப் பார்க்காம மூணு வட்டியைக் கூட்டி மூணால வகுத்திருக்கார். எட்டாங்கிளாஸ் பாடம். இழை திறக்குறதுக்கு முன்னாடி பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கணும்னு எத்தனை தடவை சொல்றது?

சேலத்துப்பையன்
மன்னிக்கணும். ஆமா அக்கா, கிரீன் கார்டு. எம்.எஸ். படிக்க வாங்கினது. 5.28-ல 20,500 டாலர், 6.54-ல 20,500, 7.54-ல 9,000 (இது கிராட் பிளஸ், மேற்படிப்புக்கான இன்னொரு அரசு லோன்). தனியார் பேங்க்ல 11%-க்கு இன்னொன்னும் இருக்கு, அதையும் சேர்க்கலாமா?

டாலஸ்அக்கா
இது அரசு லோன்களை மட்டும் ஒன்னாச் சேர்க்குற திட்டம், தனியார் லோன் இதுல சேராதுப்பா. மத்த மூணுக்கும் தொகையை வட்டியால பெருக்கிக் கூட்டு, மொத்தக் கடன் 50,000-ஆல வகு. 6.2034 வரும். அதை 0.125-ஓட (எட்டில் ஒரு பங்கு) அடுத்த மடங்குக்கு ஏத்துவாங்க, அதான் 6.25. பெரிய தொகை ரெண்டும் குறைஞ்ச வட்டியில இருக்கு, அதனாலதான் உன் 6.45-ஐ விடக் கம்மி.

ஹூஸ்டன்ராஜா
எதுக்கு இந்தச் சுத்து? கிரெடிட் ஸ்கோர் நல்லா இருந்தா தனியார்கிட்ட ரீஃபைனான்ஸ் பண்ணுங்க, அதாவது புதுக் கடன் வாங்கி இதை அடைச்சிடுங்க. வட்டி நிஜமாவே குறையும்.

டாலஸ்அக்கா
தம்பி, வேலை போனா யார் கட்டுறது? அரசு லோன்ல வருமானத்துக்குத் தக்க கட்டுற திட்டம் இருக்கு. பொதுச்சேவை வேலையில 120 தவணை கட்டினா மீதி தள்ளுபடி. தனியாருக்கு மாத்தின அன்னிக்கே அந்த ரெண்டும் போச்சு. திரும்பி வர வழியே கிடையாது.

ஹூஸ்டன்ராஜா
எல்லாருக்கும் வேலை போயிடுமா அக்கா? நான் அப்படித்தான் மாத்தினேன், நாலு வருஷத்துல அடைச்சேன்.

கணக்குவாத்தி
உங்க கதை அவருக்குப் பொருந்தணும்னு இல்ல. அப்புறம், கடனைச் சேர்த்தா வட்டி குறையும்னு நினைக்கிறதே தப்பு. இங்க வருஷத்துக்குச் சுமார் 23 டாலர் கூடத்தான் போகும். மாசம் ஒரே தவணை, அவ்வளவுதான் லாபம். எந்த லோனைச் சேர்க்கணும்னு நாமளே தேர்ந்தெடுக்கலாம். 7.54-ஐத் தனியா வெச்சு, கையில மிஞ்சுற காசையெல்லாம் அதுல போடுங்க. மத்த ரெண்டும் சேர்ந்தா சராசரி 5.91, ஏத்தி 6%.

டாலஸ்அக்கா
இது நல்ல யோசனை. இன்னொன்னு தம்பி, கட்டாம நிக்குற வட்டி சேர்க்கும்போது அசல்ல ஏறிடும், அப்புறம் அதுக்கும் வட்டி. முடிஞ்சா அதை முதல்ல கட்டிடு.

சேலத்துப்பையன் (பிப்ரவரி 12)
ரெண்டை மட்டும் டிக் பண்ணி அனுப்பிட்டேன். 6% காட்டுது. ரொம்ப நன்றி அக்கா, சார்.

டாலஸ்அக்கா
நிலுவை வட்டியைக் கட்டிட்டியாப்பா?

டாலஸ்அக்கா (பிப்ரவரி 19)
தம்பி?