கொலம்பியாவில் எடுபடாத அரேதா, அட்லாண்டிக்கில் எடுபட்டது எப்படி?

கேள்வி:
அமெரிக்கப் பாடகி அரேதா ஃபிராங்க்ளின் 1960-இல் கொலம்பியா என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தவர். அங்கே இருந்த வரை பாப் பட்டியலில் 37-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அட்லாண்டிக் நிறுவனத்துக்கு மாறிய சில மாதங்களில், 1967-இல், 'ரெஸ்பெக்ட்' பாட்டு முதலிடம். குரல் அதேதானே, என்ன மாறியது? எதை எதோடு வைத்துக் கேட்டால் பிடிபடும்?

பதில் 1:
பாட்டை யார் நடத்துகிறார் என்பதுதான் மாறியது. கொலம்பியாவில் பெரும்பாலும் வயலின் கூட்டத்தோடு ஏற்பாடு முன்கூட்டியே எழுதித் தயாராக இருக்கும், அதன்மேல் அவர் பாடுவார். அட்லாண்டிக்கில் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் அவரைப் பியானோவில் உட்கார வைத்தார். அவர் வாசிப்பதைப் பிடித்துக்கொண்டு குழு பின்னால் வரும். டெட்ராய்ட்டில் அப்பாவின் சர்ச்சில் வளர்ந்தவருக்கு அதுதானே இயல்பு!

முதலில் 'ஐ நெவர் லவ்டு எ மேன்' கேளுங்கள். 1967 ஜனவரியில் அலபாமாவின் ஃபேம் ஸ்டூடியோவில் பதிவானது. தாளம் பிடிபடாமல் குழு திணறியபோது குழுவில் இருந்த ஸ்பூனர் ஓல்டம் எலெக்ட்ரிக் பியானோவில் ஒரு சின்ன வரி வாசித்தார், பாட்டு அங்கேயே பிடிபட்டுவிட்டது. தொடக்கத்தில் தனியாக வருவது அதுதான். அன்று இரவே அரேதாவின் கணவர் தரப்புக்கும் ஸ்டூடியோ தரப்புக்கும் தகராறு முற்றி, பதிவு பாதியில் நின்றது. ரேடியோக்காரர்கள் இந்தப் பாட்டைப் போடத் தொடங்கிவிட்டார்கள், இசைத்தட்டின் மறுபக்கத்துக்கோ பாட்டு தயாரில்லை. அதற்கான 'டூ ரைட் வுமன்' நியூயார்க்கில்தான் முடிந்தது. பியானோ, ஆர்கன் இரண்டும் அரேதாவே. பின்குரலில் தங்கை கரோலினும் அக்கா எர்மாவும்.

பதில் 2:
'ரெஸ்பெக்ட்' பாட்டை, அதை முதலில் பாடிய ஓடிஸ் ரெட்டிங்கின் 1965 மூலத்தோடு வைத்துக் கேளுங்கள். மூலத்தில் ஆர்-இ-எஸ்-பி-இ-சி-டி என்று எழுத்துக் கூட்டிப் பாடும் இடமே கிடையாது, சகோதரிகளின் கோரஸும் கிடையாது. நடுவில் கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோன் வரும் இடமும் புதிது. பாட்டு ஸி-யில் போகிறது, சாக்ஸ் நுழையும்போது கார்டு (சேர்த்துப் பிடிக்கும் சுரங்கள்) எஃப் ஷார்ப் மைனருக்குத் தாவும். நம் கணக்கில் ஒரு கட்டையிலிருந்து நாலரைக் கட்டை. சாம் அண்ட் டேவ் என்ற பாடகர் ஜோடியின் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்த கார்டுகள் அவை. கீபோர்டில் வாசிக்கிறவர்கள் அங்கே ஜி-க்கோ எஃப்-க்கோ போய்ச் சொதப்புவார்கள். எஃப் ஷார்ப் மைனர் ஏழு, பி ஏழு இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்தால் சரியாக வரும்.

பதில் 3:
மேலே சொன்னதோடு ஒன்று. கொலம்பியாவில் அவர் பியானோவே தொடவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1961-இல் அங்கே வந்த முதல் ஆல்பத்தைக் கேளுங்கள், சில பாட்டுகளில் பியானோ அவர்தான். குரலுக்கு வாசிப்பு பதில் சொல்வது அதிலேயே இருக்கிறது. பிறகு வந்த ஆல்பங்களில் அதை ஓரம் கட்டியதுதான் கோளாறு.

முழுசாகக் கேட்க 'அமேசிங் கிரேஸ்' ஆல்பத்தை எடுங்கள். 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் சர்ச் ஒன்றில் இரண்டு இரவுகள் பதிவானது. படமும் எடுத்தார்கள், ஆனால் ஒலியையும் காட்சியையும் பொருத்த உதவும் கிளாப் பலகை அடிக்காமல் எடுத்ததால் ஒலியும் காட்சியும் ஒட்டவில்லை. வழக்குகளும் சேர்ந்து, அவர் மறைந்த பிறகு 2018 நவம்பரில்தான் திரைக்கு வந்தது. அதில் 'ஹோலி ஹோலி' பாடும்போது பியானோவில் இருப்பது அவரே. கையைப் பாருங்கள், கேட்ட கேள்விக்குப் பதில் கண்ணாலேயே தெரியும்.