நடிகர்களைச் சுரண்டுகிறேனாம்: ஒரு கேள்விப் படிவத்துக்குப் பதில்

அரங்கன்63 | இரவு 8:52
நேற்று எனக்கு ஒரு கேள்விப் படிவம் வந்தது. நிகழ்கலை முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் 'நடிகர்களின் ஊதியமில்லா உழைப்பு' பற்றி ஆய்வு செய்கிறாராம். முதல் வரியே இப்படித் தொடங்குகிறது: "சென்னை நவீன நாடகத்தில் காசு வாங்காமல் வேலை செய்கிறவன் நடிகன் ஒருவன்தான்." இருபத்தேழு வருடமாக நாடகம் போடுகிறேன். நான் காசு வாங்கினேனா? போன நாடகத்தின் கணக்கைச் சொல்கிறேன், அந்த அம்மா குறித்துக்கொள்ளட்டும். அரங்க வாடகை 18,000. விளக்கு 9,000. வேன் 4,500. மேடைப் பொருள்கள் 12,000. சுவரொட்டி 3,000. ஆக மொத்தம் 46,500. 200 ரூபாய் டிக்கெட் 140 விற்றது, 28,000 வந்தது. மீதி 18,500 ரூபாய்க்கு என் வீட்டம்மாவின் வளையல் அடகுக்கடையில் இருக்கிறது. அந்த வளையலை எழுதப் படிவத்தில் கட்டம் உண்டா?

இத்தனைக்கும் மேல் ஒத்திகைக்கு வந்தவர்களுக்கு ஞாயிறுதோறும் மதியச் சாப்பாடு போட்டேன். பிரியாணி.

மூன்றாம்மணி | 9:05
அது குஸ்கா.

அரங்கன்63 | 9:07
யார் இது? முகத்தைக் காட்டிப் பேசவும்.

மூன்றாம்மணி | 9:13
உங்கள் நாடகத்தின் இரண்டாம் காவலாளி. எட்டுப் பேரில் ஒருவன். 42 நாள் ஒத்திகைக்கு ஒரு நாள் தவறாமல் வந்தேன். ஆறு ஞாயிறில் ஐந்து ஞாயிறு வெறும் குஸ்கா. கடைசி ஞாயிறு பாதி முட்டை. கறி என்ற ஒன்றை நான் அந்த மொட்டை மாடியில் பார்த்ததே இல்லை. பேட்டா கிடையாது, பஸ் காசு கிடையாது. நாடகம் முடிந்த இரவு ஒரு பொன்னாடை போர்த்தினீர்கள். அது இப்போது என் அம்மாவின் தையல் மிஷினை மூடியிருக்கிறது.

நிகழ்கலைமாணவி | 9:21
வணக்கம் ஐயா. படிவம் அனுப்பியது நான்தான். அந்த முதல் வரி என் கருத்து அல்ல. ஒரு நடிகர் பேட்டியில் சொன்னது, அதனால்தான் மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. 'ஊதியமில்லா உழைப்பு' என்று எதைச் சொல்கிறேன் என்பதை இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: டிக்கெட் விற்கும் நிகழ்ச்சிக்காக, நேரம் குறித்து வரச் சொல்லி, வராவிட்டால் வேடம் போய்விடும் என்ற நிலையில் ஒருவர் செய்யும் வேலை. நண்பர்கள் கூடித் தங்கள் ஆசைக்குப் போடும் நாடகம் இதில் சேராது. 42 நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தால் ஒருவருக்கு 126 மணி நேரம். எட்டுப் பேருக்கு 1,008. உங்கள் கணக்கில் வேனுக்கு ஒரு வரி இருக்கிறது, இந்த 1,008 மணி நேரத்துக்கு வரியே இல்லை. குற்றம் சொல்லவில்லை ஐயா. அந்த வரி ஏன் விடுபட்டுப் போகிறது என்பதுதான் என் கேள்வி.

அரங்கன்63 | 9:34
இரண்டாம் பக்கமெல்லாம் படிக்க எனக்கு நேரமில்லை. கலையை மணிக்கணக்கில் அளக்க இது வாடகை சைக்கிள் அல்ல, தங்கையே.

முதலில் குஸ்கா என்று எழுதிய தம்பிக்குப் பதில். கோழி இருந்தது. மொத்தமாக வாங்கும்போது கறி தேக்சாவின் அடியில் தங்கிவிடும். நேரத்துக்கு வந்து உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்தது, மெதுவாக வந்தவர்களுக்குச் சோறுதான் கிடைத்தது. தாமதம் உங்கள் பழக்கம் என்பது குழுவுக்கே தெரியும்.

மூன்றாம்மணி | 9:37
கறி அடியில் இருந்தால் கடைசியில் வந்தவனுக்குத்தானே அது கிடைத்திருக்க வேண்டும்?

ஜமாக்காரன் | 9:48
செய்யாறு பக்கம் எங்கள் ஊர். தாத்தா காலத்திலிருந்து கூத்து. எங்களைப் படிக்காதவர்கள் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் வெற்றிலை பாக்கில் முன்பணம் வைக்காமல் எங்கள் ஜமா, அதாவது கூத்துக் குழு, நாள் குறித்ததில்லை. பங்குனி, சித்திரையில் பாரதக் கூத்து. விடிந்ததும் முகத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயால் துடைத்தபடியே பங்கு பிரிப்போம். வாத்தியாருக்குக் கூடுதல். ஆர்மோனியத்துக்கு, மிருதங்கத்துக்கு, முகவீணைக்கு, கதை சொல்லிச் சிரிக்க வைக்கும் கட்டியங்காரனுக்கு எல்லாம் உண்டு. ஆட்ட அடவு பழகும் பையனுக்குக் கால் பங்கு. சொற்பம்தான், ஆனால் 'உனக்கு அனுபவம் கிடைக்கும்' என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. தெற்கே ஸ்பெஷல் நாடகம் என்கிற இசை நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஆளுக்கு ஆள் தனித்தனியாகத் தொகை பேசித்தான் மேடை ஏறுகிறார்கள். எங்களிடம் பயிற்சிப் பட்டறை நடத்த வருகிற நகரத்து இயக்குநர்கள் அடவைக் கற்றுக்கொண்டு போகிறார்கள், பங்கு பிரிப்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

அரங்கன்63 | 10:01
கூத்து குலத்தொழில். நவீன நாடகம் விரும்பி வந்தவர்களின் இயக்கம். இரண்டையும் குழப்ப வேண்டாம். வரலாறு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1891இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் மேடையை வைத்துப் பிழைத்தவர் அல்ல. சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் என்று இளக்காரமாகப் பார்க்கப்பட்ட கலைக்குக் கௌரவம் வந்ததே அவரைப் போன்றவர்களால்தான். நான் அந்த மரபில் வருகிறேன்.

பிரியாணியில் கோழி இருந்தது.

மூன்றாம்மணி | 10:06
முதலியார் வக்கீல் ஐயா. பிறகு நீதிபதி. மாதக் கடைசியில் அரிசி வாங்க அவர் சபையை எதிர்பார்க்கவில்லை. நான் செருப்புக் கடையில் நிற்கிறேன். ஒத்திகைக்காக ஆறு மணிக்குக் கிளம்பினால் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். மாலை ஆறு மணி உங்கள் குழுவில் யாருக்கெல்லாம் வசதி என்று எண்ணிப் பாருங்கள். ஐ.டி. வேலைக்காரர்கள் மூன்று பேர், வீட்டில் வசதி உள்ளவர்கள் இருவர், கல்லூரி மாணவர்கள் இருவர், நான். நான் ஏன் இரண்டாம் காவலாளி என்பதற்கும் அதுதான் காரணம். கதாநாயகன் வேடத்துக்குக் காலை ஒத்திகையும் உண்டு என்றீர்கள்.

அரங்கன்63 | 10:11
உச்சரிப்புதான் காரணம். ழகரம் வரவில்லை.

பச்சைஜெலட்டின் | 10:19
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். விளக்குக்கு 9,000 என்று எழுதியிருக்கிறார். அந்த நாடகத்துக்கு ஒளியமைத்தது நான். என் கைக்கு வந்தது 6,500. மிச்சம் 2,500 எங்கே?

அரங்கன்63 | 10:24
டிம்மர் பலகை வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது.

பச்சைஜெலட்டின் | 10:26
டிம்மர் பலகை என்னுடையது. ஏற்றி இறக்கியது நானும் இந்த இரண்டாம் காவலாளியும்.

தராசு | 10:33
எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து முழுநேரக் குழுவாக இயங்கியிருக்கிறது. நவீன நாடகத்தில் நடிகனுக்குச் சம்பளம் தரவே முடியாது என்பது பொய். இன்றைக்கும் கலைக் குழுக்களுக்கான ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகத்தின் குரு–சிஷ்யப் பரம்பரைத் திட்டத்தில் குருவுக்கு மாதம் 15,000 ரூபாய், சிஷ்யர்களுக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 வரை உண்டு. ஓர் இயக்குநர் விண்ணப்பிக்கவே இல்லை என்றால் அதற்கு நடிகன் பட்டினி கிடக்க வேண்டுமா?

அரங்கன்63 | 10:41
வந்துவிட்டார் தராசு. கூத்துப்பட்டறை சம்பளம் கொடுத்தது அமெரிக்காவின் ஃபோர்ட் அறக்கட்டளைப் பணத்தில். வெளிநாட்டுக் காசில் நாடகம் போடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தவன் நான். தில்லிக்குப் போய்க் கையேந்தவும் மாட்டேன். அந்த மானியம் வாங்கும் ஒரு குழுவில் நான் ஒரு வருடம் இருந்தேன். மாதம் பிறந்தால் நடிகர்களிடம் கையெழுத்து வாங்குவார்கள், வங்கியில் பணம் விழுந்ததும் பாதியைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். அதையும் ஆய்வில் எழுதச் சொல்லுங்கள். என்னிடம் அந்தக் களவு கிடையாது. கொடுக்கவும் இல்லை, திருப்பி வாங்கவும் இல்லை.

தராசு | 10:44
"கொடுக்கவும் இல்லை." இதைத்தானே அந்தப் பெண்ணும் கேட்டது?

அரங்கன்63 | 10:52
வார்த்தையைப் பிடித்துத் தொங்குவது உங்கள் பரம்பரைக் குணம். 2014இல் நான் போட்ட நாடகத்துக்கு நீங்கள் எழுதிய விமர்சனத்தை மறக்கவில்லை. 'இரண்டாம் பாதியில் நாற்காலிகள் நன்றாக நடித்தன' என்று எழுதினீர்கள். இலவச அனுமதிச் சீட்டில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதிய விமர்சனம்! அந்த நாற்காலிகளை நான் வாடகைக்கு எடுத்திருந்தேன்.

ஜமாக்காரன் | 10:55
நாற்காலிக்கு வாடகை, அதில் ஏறி நிற்கிறவனுக்கு ஒன்றும் இல்லை.

கடலோரத்தான் | 10:58
குறும்பட உலகம் இதைவிட மோசம். 'உணவும் பயணமும் தரப்படும்' என்று விளம்பரம் போடுவார்கள். விடியற்காலை நாலு மணிக்குக் கடற்கரையில் நிறுத்தி, அலையில் விழச் சொல்லி, பதினொரு மணிக்கு இரண்டு இட்லி தருவார்கள். பயணம் என்பது இயக்குநரின் பைக்கில் பின்னால் உட்காருவது. கேமரா வாடகைக்காரர் மட்டும் முழுத் தொகையும் வாங்காமல் பெட்டியைத் திறக்கமாட்டார். ஆனால் இரண்டு இட்லியோடு வடையும் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

மூன்றாம்மணி | 11:01
பாருங்கள், அவர்கள்கூட வடையை வடை என்றே சொல்கிறார்கள்.

அரங்கன்63 | 11:12
சரி, ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லோரும் பேசுவது கூலி. நான் பேசுவது கலை. என்னிடம் பழகிய பையன்கள் இன்று சினிமாவில் இருக்கிறார்கள், தொடரில் இருக்கிறார்கள். மூச்சைப் பிடித்து அடிவயிற்றிலிருந்து குரல் எடுக்க யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அதற்கு நான் கட்டணம் வாங்கினேனா? நடிப்புப் பள்ளிகள் இதற்கே ஆயிரக்கணக்கில் கேட்கின்றன. நியாயமாகப் பார்த்தால் இந்த 1,008 மணி நேரத்துக்கு நீங்கள்தான் எனக்குத் தர வேண்டும். எனக்குப் பதினெட்டு வயதில், நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாட்டு வாத்தியார் ஒருவரின் சீடரிடம் பழகினேன். அவர் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தேன். ஒரு நாளும் என்ன தருவீர்கள் என்று கேட்டதில்லை. சோறு போட்டார், சாப்பிட்டேன். குஸ்காவா பிரியாணியா என்று தட்டைக் கிளறவில்லை.

தராசு | 11:17
சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பாலர் சபை தொடங்கிய காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளையே, சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட குழுக்களையே, எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பையன்களுக்குச் சோறு, படுக்க இடம், அதற்கு மேல் கொஞ்சம் சம்பளமும் உண்டு. சோற்றையே சம்பளமாகக் காட்டுவதில் நீங்கள் நூறு வருடத்துக்குப் பின்னால் போய்விட்டீர்கள்.

அரங்கன்63 | 11:20
அடியும் உண்டு. அதையும் சேர்த்துக் கேளுங்கள், தருகிறேன்.

நிகழ்கலைமாணவி | 11:24
ஐயா, பயிற்சியையும் நிகழ்ச்சியையும் தனித்தனியாகப் பிரித்துத்தான் படிவத்தில் கேட்டிருக்கிறேன். நீங்கள் குரல் பயிற்சி கொடுத்த நேரம் எவ்வளவு, மேடைப் பொருள் சுமந்த நேரம் எவ்வளவு, டிக்கெட் விற்க அலைந்த நேரம் எவ்வளவு என்று ஏழாம் கேள்வியில்...

அரங்கன்63 | 11:25
நாலாம் கேள்வியில் 'உணவு வழங்கப்பட்டதா' என்று இருக்கிறது. அதற்கு 'ஆம்' என்று எழுதுவேன். மற்றதெல்லாம் வீண்.

பச்சைஜெலட்டின் | 11:29
2,500 பற்றி இன்னும் பதில் வரவில்லை. அதோடு 2011இல் ஒரு வாரத்துக்கு என்று வாங்கிப் போன கருப்புத் திரைத்துணி, முப்பது கெஜம்.

அரங்கன்63 | 11:31
அது கிழிந்துவிட்டது. அன்றைக்கே சொன்னேன்.

பச்சைஜெலட்டின் | 11:33
போன நாடகத்தில் பக்கவாட்டில் தொங்கியது எது? என் தையல் எனக்குத் தெரியாதா? ஓரத்தில் நீல நூல்.

நிகழ்கலைமாணவி | 11:38
மூன்றாம்மணி, உங்களோடு தொலைபேசியில் பேச முடியுமா? ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போக ஆன செலவு, பிடிக்கப்பட்ட அரை நாள் சம்பளம் பற்றிக் கேட்க வேண்டும்.

மூன்றாம்மணி | 11:40
இரவு ஒன்பதரைக்கு மேல், கடை சாத்திய பிறகு.

அரங்கன்63 | 11:47
அவரைக் கேட்பீர்கள், என்னைக் கேட்கமாட்டீர்கள். இருபத்தேழு வருடம்! நல்லது. எனக்கு வேலை இருக்கிறது. அடுத்த நாடகத்துக்கு ஆறு நடிகர்கள் தேவை. வரும் ஞாயிறு காலை பத்து மணி, அதே மொட்டை மாடி. ழகரம் சுத்தமாக வர வேண்டும். சம்பளம் எதிர்பார்க்கிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். மதியம் கோழி பிரியாணி.

மூன்றாம்மணி | 11:49
என்ன வேடம் இருக்கிறது?

பச்சைஜெலட்டின் | 11:50
திரைத்துணி ஐயா. முப்பது கெஜம்.