ஃபெர்ரோஎலக்ட்ரிக்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை பெங்களூரு அல்சூரில் மாணவர்களுக்கு நினைவகப் பொருள்கள் பற்றி வகுப்பு. கைப்பிரதி வியாழனன்று அச்சுக்குப் போகவேண்டும். ஹாஃப்னியம் ஆக்சைடு பகுதியில் 'ஃபெர்ரோஎலக்ட்ரிக்' வருகிறது. அதாவது, மின்முனைவு (நேர், எதிர் மின்னூட்டங்கள் இரு பக்கமாக விலகி நிற்பது) மின்புலத்தால் திசை மாறும், புலம் நீங்கினாலும் தங்கும் பண்பு. 'அயமின்' சரியா?

— அயம் இரும்பு. ஹாஃப்னியம் ஆக்சைடில் இரும்பு ஏது? 1920-இல் இயற்பியலாளர் வாலசெக் இப்பண்பைக் கண்ட ரோஷல் உப்பிலும் இல்லை. காந்தப்புலத்தை ஏற்றி இறக்கினால் இரும்புக்கு வரைபடத்தில் வரும் வளையத்தைப் போல மின்புலத்திலும் ஒரு வளையம் வந்ததால் 'ஃபெர்ரோ' (இரும்பு) என்று ஒட்டிய பெயர். 'மீள்முனைவு' போடுங்கள்.

— 'மீள்' கூடவே கூடாது, ஐயா. புலத்தை எடுத்ததும் முனைவு சுழிக்கு மீண்டால் அது சாதாரண மின்காப்புப் பொருள். மீளாமல் தங்குவதால்தானே 0, 1 என்று பதிகிறோம்? என் சொல் 'புரள்முனைவு'. வினைத்தொகை, புரண்ட, புரள்கிற, புரளும் மூன்றும் அடங்கும்.

— புரள்வது தன்வினை. இங்கே புலமல்லவா புரட்டுகிறது? 'புரட்டுமுனைவு' என்றாலோ பொய் என்ற பொருள் முந்திக்கொள்ளும்.

— ஊறுகாயை நாம்தான் ஊறவைக்கிறோம், பெயர் ஊறுகாய்தான். தவிர, புரள் கன்னடத்தில் 'ஹொரளு'. பால்–ஹாலு போலப் பகரம் ஹகரமாகிறது. புகை–ஹொகெ போல உகரம் ஒகரமாகிறது. குடை–கொடெயும் அப்படியே. பெங்களூரு வகுப்பில் பக்கத்து இருக்கைக் கன்னட மாணவருக்கும் பிடிபடும்.

— சொற்பிறப்பு போதும். என்ன கெடும் என்பதை எழுதுங்கள். ஹாஃப்னியத்தோடு சிர்க்கோனியம் பாதிக்குப் பாதி, படலம் 10 நானோமீட்டர் அளவு, இருபுறமும் டைட்டானியம் நைட்ரைடு மின்வாய்கள், மேல் மின்வாய் இட்டபின் 400–600 பாகை செல்சியஸில் சூடேற்றல். படலம் தடித்தால் படிகம் செஞ்சாய்சதுர (orthorhombic) அமைப்பிலிருந்து ஒற்றைச்சரிவு (monoclinic) அமைப்புக்குப் போய்விடும், பண்பே போச்சு. படிகத்தில் ஆக்சிஜன் அணு இல்லாத காலியிடங்களால், முனைவைப் புரட்டும் தொடக்கச் சுற்றுகளில் வளையம் ஒடுங்கியிருந்து பிறகு விரியும். அதற்கு 'விழிப்பு', பின்னால் முனைவு குறைந்துபோவதற்கு 'களைப்பு'. இவ்விரண்டுக்கும் சண்டை வேண்டாம்.

— வேலை நேர்காணலில் 'ஃபெர்ரோஎலக்ட்ரிக்' என்றுதான் கேட்பார்கள். அதையே எழுதுங்கள். புரியாத தூய்மை மாணவருக்குச் சுமை.

— புரியவில்லை என்பது பழக்கமின்மை, அம்மா. 'கணினி'யும் ஒருநாள் புதுச்சொல்தான்.

— நன்றி. பெரும்பான்மைப்படி 'புரள்முனைவு' என்று அனுப்பிவிட்டேன். முதலிடத்தில் மட்டும் பிறைக்குறிக்குள் ஃபெர்ரோஎலக்ட்ரிக்.

— 'புரள்' தன்வினை என்ற என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். மின்தேக்கி வகை நினைவகத்தில் படிப்பதற்கே முனைவைப் புரட்டிப் பார்க்கிறோம். படித்த பிட் அழிவதால் உடனே திரும்ப எழுதுகிறோம். ஊறுகாய் தானே ஊறும். இது தானே புரளாது.